‘கரண்ட் வைங்க’ என்று கேட்டால்

அன்புள்ள தம்பிக்கு,

குமணன்சாவடியில் பிசியோதெரபி கிளினிக் திறந்திருக்கிறாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்ப்பவர், பூந்தமல்லியில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவர், வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரிக்குப் போகும் பெண் என்று பலரும் முட்டி வலியோடு வருவார்கள். அவர்களில் கணிசமானோருக்கு வலி முட்டிச் சில்லைச் சுற்றித்தான். படி இறங்கும்போதும், குந்தி எழும்போதும், பஸ்ஸில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழும்போதும் அது தலைகாட்டும். எங்கே வலி என்று கேட்டால் ஒரு விரலால் தொட்டுக் காட்டத் தெரியாமல் உள்ளங்கையால் முட்டியை மூடிக் காட்டுவார்கள். அடுத்து, “பத்து நாள் கரண்ட் வெச்சா சரியாயிடுமா சார்?” என்பார்கள். இந்த வலிக்கு நீ எழுதிக் கொடுக்கும் வீட்டுப் பயிற்சியே சிகிச்சை, மெஷினை நம்பாதே.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. இந்த வலியை ஆராயும் பல நாட்டு நிபுணர்கள் 2018இல் வெளியிட்ட ஒருமித்த பரிந்துரை, இடுப்புத் தசைக்கும் தொடைத் தசைக்கும் சேர்த்துத் தரும் பயிற்சியை முன்னிறுத்தியது. 2019இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, அல்ட்ராசவுண்டு, லேசர், மின்தூண்டல் எதுவும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நின்றபடி முட்டியை மடக்க மடக்க, சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும் விசை ஏறுகிறது. அந்தச் சுமையைத் தாங்கும் வலு தசைக்கு வந்தால்தான் வலி குறையும். வெளியிலிருந்து பாய்ச்சும் மின்சாரம் அதற்கு ஈடாகாது. ஆகவே முதல் வாரங்களில் சுவரில் சாய்ந்து 45 டிகிரி வரை மடக்கினால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, காலில் எடை கட்டி நீட்டும்போது கணக்கு தலைகீழ்: 90இலிருந்து 45 வரை நீட்டுவதில்தான் அழுத்தம் குறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் கொடுக்கும் பயிற்சி வலியைக் கூட்டும், பழி பயிற்சியின் மேல் விழும்.

சொன்னால் செய்வார்களா என்று கேட்பாய். பன்னிரண்டு படம் போட்ட ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தால் செய்ய மாட்டார்கள்தான். இரண்டோ மூன்றோ கொடு. உன் முன்னால் செய்ய வை. கிளினிக் வாசற்படியே போதும்: ஒற்றைக்காலில் நின்று மறுகாலை மெதுவாகக் கீழே இறக்கச் சொல். முட்டி உள்பக்கம் சரிகிறதா, மறுபக்க இடுப்பு தாழ்கிறதா என்று பார். சரிந்தால், பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியிலிருந்து தொடங்கு. செய்யும்போது பத்துக்கு இரண்டு மூன்று அளவு வலி வரலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். இந்த அளவுகோல் கையில் இருந்தால் அவர்களே கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும் செய்யாதே: இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் ‘தேய்மானம்’ என்று சொல்லிவிடாதே. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் குருத்தெலும்பு மாற்றங்கள் தெரிவதுண்டு. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து படியேறுவதையே விட்டுவிடுவாள். தொடை இன்னும் மெலியும்.

செய்வார்களா என்பதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2015இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பயிற்சியால் பலன் என்று தொடர்ந்து தெரிந்தாலும் சான்றின் தரம் மிகக் குறைவு என்றது. 2018இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், ஓட்டக்காரர்களுக்குச் சுமையைக் கூட்டிக் குறைக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்ததற்கும், அதோடு பயிற்சியும் சேர்த்துக் கொடுத்ததற்கும் பலனில் வித்தியாசம் இல்லை. அப்படியானால் பயிற்சி எதற்கு? ஓட்டக்காரர் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நாலு வீட்டில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்குபவருக்கு அந்தச் சுதந்திரம் ஏது? முடிந்த வீட்டில் நின்று துலக்கச் சொல். மிச்சச் சுமையைத் தாங்கத் தசையைத்தான் தயார்செய்ய வேண்டும். அந்த ஆய்வை நான் வாசிப்பது இப்படி: சுமையைப் பற்றிப் பேசாமல் பயிற்சி மட்டும் கொடுப்பதும் அரைகுறைதான்.

கடை வாடகை இருக்கிறது, மெஷின் தவணை இருக்கிறது என்பாய். நியாயம்தான். பரிசோதனைக்கும் வாராந்தர மறுபார்வைக்கும் கட்டணம் வாங்கு, கூச்சப்படாதே. வீட்டுப் பயிற்சியை ஜனங்கள் ஏற்பார்களா என்றும் தயங்காதே. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம், இயன்முறை சிகிச்சையை (பிசியோதெரபியை) வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே பார்ப்பது பெரும்பாலும் நடமாட முடியாதவர்களை, உன்னிடம் வருபவர்கள் நடந்து வருகிறவர்கள். ஆனாலும் வீட்டில் வைத்தே சிகிச்சை என்பது இனி ஜனங்களுக்குப் புதிதல்ல.

பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், மூன்று மாதம்கூட ஆகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. முட்டி வீங்கியிருந்தால், பூட்டிக்கொண்டால், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால், அன்றைக்குப் பயிற்சி எழுதாதே. எலும்பு டாக்டருக்குச் சீட்டு எழுது.

அன்புடன்,
உன் மூத்த சகா