பல் மருத்துவர் திரட்டிய பழமை

அருங்காட்சியகம் என்றதும் மன்னர் வாளும் மணிமுடியுமே முன்பெல்லாம் என் நினைவுக்கு வரும். நார்வே நாட்டு லில்லெஹம்மர் நகரின் மைஹவ்கன் குன்றில் அவ்வெண்ணம் மாறியது. அங்கே நான் கண்டவை குடியானவர் வீடுகள்!

அவற்றைத் திரட்டத் தொடங்கியவர் ஆன்டர்ஸ் சான்ட்விக் என்னும் பல் மருத்துவர். 1885இல் அந்நகருக்கு வந்த அவர், குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகச் சென்று மருத்துவம் செய்தார். பழைய மரவீடுகளும் தட்டுமுட்டுப் பொருள்களும் அழிந்து வருவதைக் கண்டு மனம் வருந்தினார். 1887 முதல் அவற்றைச் சேர்க்கலானார். வீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் கொணர்ந்து, தம் தோட்டத்திலேயே மீண்டும் எழுப்பினார். 1904இல் அத்தொகுப்பு இக்குன்றில் இடம்பெற்றது. இன்று இங்கே ஏறத்தாழ 200 கட்டடங்கள் உள்ளன.

கார்மோ என்னும் ஊரின் மரத்தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில் பிரித்து விற்கப்பட்டது. சிதறிய அதன் பகுதிகளையும் தேடிச் சேர்த்தார் சான்ட்விக். 1921இல் அது இங்கே மீண்டும் எழுந்து நின்றது.

பியோர்ன்ஸ்டாட் பண்ணையில் குடியிருப்பு, தொழுவம், களஞ்சியம் யாவும் ஒருசேர நிற்கின்றன. தனியே ஒரு கலப்பையைக் கண்ணாடிப் பேழையில் கண்டிருந்தால் அதன் பெயரை மட்டுமே அறிந்திருப்பேன். இங்கோ, உழுதவரின் ஒரு நாள் வாழ்க்கையே எனக்கு விளங்கியது.

நண்பர்களே, வரலாற்றைக் காக்கப் பட்டமும் பதவியும் வேண்டுவதில்லை. அழியுமுன் அதன் அருமையை அறியும் கண் வேண்டும்.