கேவியட் போட்டால் நிலத்தை விற்க முடியாதா?

ராசிபுரம், சங்ககிரி, ஆத்தூர் பக்கம் எந்த டீக்கடையில் நிலத்தகராறு பேசினாலும் இது காதில் விழுகிறது: "கேவியட் போட்டாச்சுங்க, இனி பங்காளி அந்தக் காட்டை விக்க முடியாதுங்க." தாராளமாக விற்கலாம், நாளைக் காலையிலேயே. நீதிமன்றத்தில் கிடக்கும் கேவியட்டுக்காகப் பத்திரப் பதிவை நிறுத்தும்படி சார்பதிவாளருக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கேவியட் லத்தீன் வினைச்சொல். 'எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்பதே பொருள். தடை என்ற அர்த்தத்தை ஏற்றியது நம் ஊர்ப் பேச்சு. 1976 திருத்தத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்குள் 148ஏ பிரிவாக வந்த இந்த மனு கேட்பது இவ்வளவுதான்: வண்டித்தடத்துக்கோ கிணற்றுப் பங்குக்கோ எதிராளி இடைக்கால உத்தரவு கேட்டு வந்தால், எனக்குத் தகவல் சொல்லாமல் போட்டுவிடாதீர்கள். மனுப் போட்டதை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் எதிராளிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆயுள் 90 நாள். அதற்குள் அவர் நீதிமன்றம் வராவிட்டால் காலாவதி. வேண்டுமானால் புதிதாகப் போட வேண்டும்.

விற்பனையைத் தடுக்க வேண்டுமானால் வழக்குப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39-ன்கீழ் தடையுத்தரவு வாங்குங்கள். வழக்கு நடக்கையில் விற்றாலும், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு, கேவியட் நகலை மஞ்சப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அஃபிடவிட்டும் லத்தீன்தான்: 'சத்தியம் செய்திருக்கிறார்'. நோட்டரி எத்தனை முத்திரை குத்தினாலும் அது கிரயப் பத்திரம் ஆகாது. அட்டர்னி பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'நியமிக்கப்பட்டவர்' என்று பொருள். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கியதாலேயே சொத்து கைமாறிவிடாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. வக்கீல், ஜாமீன், வாய்தா வெள்ளைக்காரன் தந்த சொற்கள் என்பதும் தப்பு. மூன்றும் அரபு வேரிலிருந்து வந்தவை.

சேலம், நாமக்கல் நீதிமன்றங்களில் தமிழிலேயே மனுப் போடலாம். அப்படியிருந்தும் கட்சிக்காரர் தனக்குப் புரியாத ஆங்கிலத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிறார். இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். "தமிழ்ல எழுதுங்க, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறனுங்க" என்று வக்கீலிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பீஸ் கொடுப்பது நீங்கள்தானே?