மூடிய கதவுக்கு அப்பால் காற்று உண்டா?

பழனியில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைப் பிரிக்காமல் கொடைக்கானலுக்கு எடுத்துச் சென்றிருக்கிறீர்களா? மலைப்பாதையில் ஏற ஏற அது பலூனைப்போல் உப்பிவிடும். உயரம் கூடும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது; உள்ளே அடைபட்ட காற்று உறையை வெளியே தள்ளுகிறது. ஆகவே, பொட்டலத்தைத் திறக்காமலேயே இரு பக்கத்து அழுத்தமும் சமமாக இல்லை என்று அறிகிறோம்.

விண்கலத்திலும் இப்படி அறிய வேண்டிய தேவை உண்டு. 2025 ஜூன் 26 அன்று இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா சென்ற டிராகன் கலம், சர்வதேச விண்வெளி நிலையத்துடன் இணைந்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கதவு திறக்கப்படவில்லை. ஏன்? கலத்தின் கதவுக்கும் நிலையத்தின் கதவுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. இணையும்போது அதில் வெற்றிடமே இருக்கும். 80 செ.மீ. விட்டமுள்ள ஒரு கதவை நம் வளிமண்டல அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளினால், அவ்விசை சுமார் 5 டன் எடைக்குச் சமமாகும்!

எனவே, முதலில் வால்வு வழியாக இடைவெளியில் காற்றை நிரப்புகிறார்கள். அங்குள்ள அழுத்தத்தை அழுத்தமானி காட்டும். அதனுள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. காற்று அழுத்தும்போது தகடு சற்றே வளையும். அதன்மேல் பதித்த கம்பியின் மின்தடை மாறும். அம்மாற்றமே எண்ணாகத் தெரிகிறது.

ஓர் அளவீடு மட்டும் போதாது. சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைந்திருந்தால், எங்கோ கசிவு இருக்கலாம். ஆனால் காற்று குளிர்ந்தாலும் அழுத்தம் குறையுமல்லவா? ஆதலால் வெப்பநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா? 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 கலம் பூமிக்குத் திரும்புகையில், அதன் வால்வு ஒன்று உரிய நேரத்துக்கு முன்பே திறந்துகொண்டது. காற்று வெளியேறி, அழுத்த உடை அணியாதிருந்த மூன்று வீரர்களும் உயிரிழந்தனர்.

நீங்களே செய்து பாருங்கள்:

வாயகன்ற கண்ணாடிப் புட்டியின் வாயில் பலூன் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். அதன் நடுவில் ஓர் உறிஞ்சுகுழலின் முனையை ஒட்டி, மறுமுனையைப் புட்டிக்கு வெளியே நீளவிடுங்கள். சுமார் 450 அடி உயரமுள்ள பழனி மலைமீது இதைக் கொண்டு சென்றால், வெளியழுத்தம் ஏறத்தாழ 12 மி.மீ. பாதரச அளவு குறையும். பலூன் மேலெழும், குழலின் வெளிமுனை தாழும். ஆனால் புட்டிக்குள் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலும் இதேபோல்தான் நிகழும்! ஆகவே ஒரு வெப்பமானியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.