அடுப்புக் கண்ணாடியும் ஆற்று மணலும்

பெரியகுளத்தில் வராக நதி மணலும் தேங்காய் நாரும் கொண்டு பித்தளைப் பாத்திரம் துலக்கிப் பழகிய கை, இன்று கண்ணாடிப் பலகை பொருத்திய எரிவாயு அடுப்பின்மீதும் அவ்வாறே செல்கின்றது. பொங்கிக் கருகிய பால் நீங்குகின்றது; கண்ணாடியின் ஒளியும் உடன் நீங்குகின்றது. எம் இல்லத்து அடுப்பே இதற்குச் சான்று.

காரணம் யாதெனில், 1812ஆம் ஆண்டில் மோஸ் என்னும் ஜெர்மானியர் வகுத்த கடின வரிசையில் மணலிலுள்ள படிகக்கல்லுக்கு எண் 7. கண்ணாடிக்கு ஏறக்குறைய 5½. பித்தளைக்கு 3 அல்லது 4. கடினமானது மென்மையானதைக் கீறும். பித்தளையையும் மணல் கீறவே செய்தது. அக்கீறலையே நாம் பளபளப்பென்று மகிழ்ந்தோம்! கண்ணாடியிலோ கீறல் அழகை மட்டுமன்றி உறுதியையும் குறைக்கும். ஆழ்ந்த கீறலினின்றும் விரிசல் பிறக்கும்.

சமையற் சோடாவின் கடினம் 2½ அளவே. ஆதலின் அடுப்பு முற்றும் ஆறியபின் (சூட்டில் தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கவுங் கூடும்) சோடாவை நீரிற் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் மூடிக் கால்மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தல் வேண்டும். கருகிய மாம்பழப் பாகு ஒருமுறையில் விடாது. தேய்ப்பை மிகுவியாமல் மீண்டும் ஊறவிடுக. உப்புநீர் காய்ந்த வெண்கறைக்குச் சோடா பயன்படாது. அது சுண்ணச் சத்தாதலின் எலுமிச்சஞ் சாறே அதனைக் கரைக்கும்.