இரண்டாவது படம்

கர்நாடக மாநிலத்தில், ஹாசன் நகருக்கு அருகே ஷெட்டிஹள்ளி என்னும் சிற்றூரில் கூரையிழந்த தேவாலயம் ஒன்று நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் எழுப்பியது அது. ஹேமாவதி ஆற்றின் குறுக்கே கொரூர் அணை 1979இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கம் ஊருக்குள் புகுந்தது. மக்கள் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். தேவாலயம் அங்கேயே நின்றுவிட்டது.

கோடையில் செல்பவர், காய்ந்த தரையில் நடந்தே உள்ளே போய்ப் படமெடுக்கலாம். கூர்முனை வளைவுகளும் அவற்றினூடே தெரியும் வானமும் அழகாகவே அமையும். ஆனால், அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு இஃது எங்கோ இருக்கும் பழைய இடிபாடு, அவ்வளவுதான். அங்கு வழிபட்டவர்கள் ஏன் போய்விட்டார்கள் என்பதை அது சொல்லாது.

அதற்கு, மழைக்காலத்தில் மீண்டும் செல்ல வேண்டும். அப்போது, முன்பு நின்ற தரையே நீருக்கடியில் இருக்கும். ஆகவே, முதற்பயணத்திலேயே மேட்டுக்கரையில் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கிருந்தும் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. இரண்டாம் முறை, பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம், உயரம், கோணம் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். வண்ணத்தைக் கூட்டி அழகுபடுத்தும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்ளலாம்!

இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால், நடந்து நுழைந்த வாசல் நீரில் மறைந்திருப்பது தெரியும். ஆண்டுதோறும் நனைந்து காயும் சுவர்கள் வலுவிழந்து வருகின்றன. சென்ற முறை இருந்த ஒரு வளைவு அடுத்த முறை இல்லாமலும் போகலாம். எனவே, ஒவ்வொரு படத்தின்கீழும் எடுத்த நாளை எழுதி வையுங்கள்.