மாலை கழற்றிய மறுநாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். குடிப்பவருக்குத் தெரியாமல் காபியிலோ சாம்பாரிலோ கலந்து கொடுத்தால் போதும், பதினைந்தே நாளில் பாட்டிலைக் கண்டாலே குமட்டும் என்று போட்டிருக்கிறான். கீழே நீ கேட்டிருந்தாய்: வாங்கட்டுமா அத்தை?

வாங்காதே. காரணத்தைப் போனிலேயே சொல்லியிருப்பேன். பாதியில் உன் அம்மா போனை வாங்கிக்கொள்வாள், அப்புறம் இரண்டு பேரும் பழைய கதை பேசி அழுவோம். அதனால் எழுதுகிறேன். உன் அப்பன் எனக்குத் தம்பிதான். ஆனாலும் மனநல வார்டில் நர்ஸாக இருந்தவளாகத்தான் இதைச் சொல்கிறேன். அக்காவாகச் சொன்னால் திட்டுதான் வரும்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெறும் மாவாக இருந்தால் காசோடு போயிற்று. டைசல்ஃபிராம் கலந்திருந்தால்தான் ஆபத்து. ரப்பர் தொழிலில் புழங்கிய ரசாயனம் அது. டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இரண்டு பேர் இது குடற்புழுவுக்கு ஆகுமா என்று ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கியும் பார்த்தார்கள். அப்புறம் வழக்கம்போல ஒரு கிளாஸ் குடித்தபோது முகம் சிவந்து நெஞ்சு படபடத்தது. 1948இல் அதைக் குடிக்கு மருந்தாக உலகத்துக்கு அறிவித்தார்கள். மது ஈரலில் முதலில் ஒரு நஞ்சாக மாறி, பிறகுதான் கழியும். இந்த மருந்து கழிய விடாமல் அந்த நஞ்சை உடம்பில் தேக்கி வைக்கும். டாக்டர்கள் இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். ஆனால் விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, இதயமும் ஈரலும் தாங்குமா என்று பார்த்த பிறகு. தெரியாமல் சாப்பிட்டவன் சாயங்காலம் ஒரு குவாட்டர் அடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அந்த ஆபத்து உண்டு. இன்னொன்றும் யோசி. ஒருநாள் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் உன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டான். ஆஸ்பத்திரிக்கு வருவதானால் உன்னை நம்பித்தானே வர வேண்டும்?

பொடி விற்பவன், கயிறு கட்டி விடுபவர், ஒரே ஊசியில் குடி போகும் என்பவர், கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான் என்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே நினைக்கிறார்கள்: குடியை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. (குடிக்கு மருந்தாக ஒரு பெண்ணை எழுதிக் கொடுக்கிற வைத்தியம் நம்மிடம் எத்தனை தலைமுறையாக நடக்கிறது பார்.) உன் அப்பன் நிறுத்தாத ஆளா? வருஷா வருஷம் நிறுத்துகிறான். ஒரு மண்டலம்.

மாலை போட்டால் தொடாமல் இருக்கிறானே, மனசு வைத்தால் முடியும்தானே, அப்படியென்றால் இது நோயா கொழுப்பா என்று உன் அம்மா கேட்பாள். நியாயமான கேள்விதான். அந்த நாட்களில் வீட்டில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். கருப்பு வேட்டியைப் பார்த்ததும் யாரும் அவனைக் கடைக்குக் கூப்பிடுவதில்லை. மற்ற நாளில் அவனைப் பேர் சொல்லி ஏசுகிறவர்கள்கூட சாமி என்கிறார்கள், அவனைவிட மூத்தவர் காலில் விழுகிறார். சாயங்காலம் குடிக்கிற நேரத்துக்குச் சரியாகப் பஜனை. தடுமாறினால் பிடித்துக்கொள்ள, பல வருஷம் மலைக்குப் போய்வந்த குருசாமி இருக்கிறார். உன் அம்மா தனிப் பாத்திரத்தில் சமைத்து முகம் கோணாமல் பரிமாறுகிறாள். மலையிலிருந்து இறங்கி வந்து மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மறுநாள் அவன் வெறும் ஆள். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாத ஆள். அவனுக்கு இருந்த மனவுறுதி கழன்று போனதாக ஊர் சொல்கிறது. எனக்கென்னவோ அவனைச் சுற்றி இருந்த தாங்கல்தான் கழன்று போனதாகப் படுகிறது.

நல்ல சிகிச்சை செய்வது அந்தத் தாங்கலை வருஷக்கணக்கில் நீட்டிப்பதைத்தான். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் ஊரில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்திலும் பார்: மூத்தவர் ஒருவர் துணை, குறித்த நேரத்தில் கூட்டம், இன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் இருப்பது. நம் ஊர்களிலும் அந்தக் கூட்டம் நடக்கிறது, கட்டணம் கிடையாது. குருசாமிக்கு இதைச் சொன்னால் சிரிப்பார், ஆனால் ஒப்புக்கொள்வார்.

நிறுத்துவதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. அறையில் பூட்டி வைத்தால் மூன்று நாளில் தெளிந்துவிடுவான் என்று உன் சித்தப்பா சொன்னாராமே, அதற்கு மட்டும் விட்டுவிடாதே. மது மூளையை அமர்த்தும். தினமும் குடிப்பவனின் மூளை அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் பலமாக இழுத்துப் பழகிவிடுகிறது. பொங்கலுக்குக் கயிறு இழுக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டால் மற்றப் பக்கத்தார் என்ன ஆவார்கள்? அதுதான் ஆகும். கடைசி கிளாஸ் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள்வாக்கில் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார்கள், போர்வையில் இல்லாத நூலைப் பிடுங்குவார்கள், பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் போய், அப்புறம் எங்கள் வார்டுக்கு வந்தவர்கள் உண்டு. ஹெராயினைத் திடீரென்று நிறுத்துபவன் துடித்துப்போவான், பெரும்பாலும் உயிர் போகாது. தினக்குடியைத் திடீரென்று நிறுத்துபவனுக்குப் போகலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகளை மூடியபோது கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்றே உத்தரவு போட்டது. மதுவை மருந்துச் சீட்டில் எழுத முடியாது, இதற்கு முறையான மாத்திரைகள் இருக்கின்றன என்று டாக்டர்கள் எதிர்த்தார்கள். உயர்நீதிமன்றமும் ஏப்ரலில் தடை போட்டது. டாக்டர்கள் சொன்னதுதான் சரி. நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தால் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

தெருமுனை கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் போதும் என்பதும் நம்பக்கூடாத பேச்சு. தினக்குடிகாரர் பலரின் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் காலியாக இருக்கும். முதலில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், ஞாபகம் போகும். போன ஞாபகம் சிலருக்குத் திரும்புவதே இல்லை.

அந்த வாரம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் உண்டு. ஒரு போதையை விட இன்னொரு போதையா என்று யாராவது கேட்டால், இவற்றில் போதையே கிடையாது என்று சொல். இவ்வளவும் செய்து மறுபடி குடித்துவிட்டால்? குடிக்கக்கூடும். சிகிச்சை முடித்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொட்டுவிடுகிறார்கள் என்று 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வந்தது. ரத்தக்கொதிப்பும் ஆஸ்துமாவும் திரும்பத் தலைதூக்கும் கணக்கும் இதற்குக் குறைவில்லை என்று அதிலேயே இருந்தது. எனக்கு பி.பி. ஏறினால் மாத்திரையை மாற்று என்கிறீர்கள், பட்ட பாடெல்லாம் வீண் என்று யாரும் தலையில் அடித்துக்கொள்வதில்லை. அவன் சறுக்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

உன் சித்தப்பா சொல்கிற மறுவாழ்வு மையம் பற்றி. வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், மூன்று மாதம் கண்ணில் காட்ட மாட்டார்கள், அடித்துத் திருத்துவார்கள் என்றால் அது சிகிச்சை இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் அடிபட்டுச் செத்தவர்களின் செய்தி நம் பேப்பரிலேயே வந்திருக்கிறது. 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநோயையும் சேர்த்தே பேசுகிறது. சங்கிலியால் கட்டக் கூடாது, மையம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல், மனநல மருத்துவர் யார் என்று கேள், குடும்பத்தார் வந்து பார்க்கலாமா என்று கேள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடு. நல்ல இடங்களும் இருக்கின்றன. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஆரம்பித்த டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளியோடு வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். வீட்டாருக்கும் இதில் சிகிச்சை வேண்டியிருக்கிறது என்பதை வார்டில் தினமும் பார்த்தேன். 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மிச்சம் 37 பேர் வீட்டிலும் பொடியும் கயிறும்தான் போல.

பெற்ற மகள் மேல் பாசம் இருந்தால் விட மாட்டானா என்று நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். பாசம் இருக்கிறது. அதற்கும் குடிக்கும் சம்பந்தம் இல்லை. நீ முதல் மார்க் வாங்கினாலும் குடிப்பான், ஃபெயிலானாலும் குடிப்பான். உன்னால் வந்ததில்லை, உன்னால் போகவும் போகாது. இந்த நோய் யாருக்கு வரும் என்பதில் ஏறக்குறைய பாதி பரம்பரை. உங்கள் தாத்தாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் உன் தம்பி பற்றிக் கவலை. பீர்தானே என்கிறானாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 90 மில்லி கட்டிங்கில் 30 கிராம்தான். இந்தக் கணக்கை அவனையே போடச் சொல். கஞ்சா மூலிகை, அடிமையாக்காது என்பதும் பொய். ஆனால் ஒருமுறை தொட்டாலே அழிந்தாய் என்று அவனைப் பயமுறுத்தாதே. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பில், ஒருமுறையாவது தொட்டவர்களில் அடிமையானவர்கள் கஞ்சாவில் நூற்றுக்கு 9, மதுவில் 15, ஹெராயினில் 23, புகையிலையில் 32. தொட்டுவிட்டு ஒன்றும் ஆகாத பையன், பெரியவர்கள் சொன்ன எல்லாமே புளுகு என்று முடிவு கட்டுவான். அந்த நூறில் தன் இடம் எது என்று முன்கூட்டித் தெரியாது என்பதையும், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது சாதகமாக இல்லை என்பதையும் சொல். சின்ன வயதில் ஆரம்பித்தால் இன்னும் மோசம்.

அப்பனிடம் ராத்திரி எதுவும் பேசாதே. காலையில், முதல் கிளாஸுக்குப் பிறகு நடுக்கம் அடங்கியிருக்கிற நேரத்தில் பேசு. குடிகாரன், மானம் போச்சு என்றெல்லாம் ஆரம்பிக்காதே. நேற்று நீ படிக்கட்டில் விழுந்தாய், எனக்குப் பயமாக இருந்தது, அத்தை ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்கிறாள் என்று மட்டும் சொல். பட்டுத் திருந்தட்டும் என்று காத்திருந்தால் ஈரல் காத்திருக்காது. முதல் தடவை மாட்டேன் என்பான். விட்டுவிட்டு இன்னொரு காலையில் கேள். நடுவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண், இரண்டும் இலவசம்.

திங்கட்கிழமை சம்மதித்தால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வா, ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் நிற்கிறேன். மனநலப் பிரிவு என்றதும் பைத்தியமா என்று முறைப்பான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதே. நிறுத்துவது டாக்டர் கையில் நடக்கட்டும். அவன் சாப்பிடுகிற மாத்திரைகளை எடுத்து வா. முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்று அம்மாவிடம் கேட்டு வை. கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தான் என்பதைத் தாளில் குறித்துக்கொள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
அத்தை