ஒரே படம், பல அச்சங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

முன்னுரை

அழுகையும் நகையும் போலவே அச்சமும் மனிதனுக்கு இயல்பான உணர்ச்சியாகும். எனினும் அழ வேண்டுமென்று எவரும் துன்பத்தைத் தேடிச் செல்வதில்லை. அஞ்சுவதற்கென்றே நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, இருட்டறையில் ஆயிரம் பேரோடு அமர்பவர்களோ உலகெங்கும் உள்ளனர். அவர்கள் எதைக் கண்டு அஞ்சுகின்றனர்? திரையில் தோன்றும் உருவத்தைக் கண்டா, அன்றித் தம் உள்ளத்தில் முன்பே குடியிருக்கும் ஒன்றைக் கண்டா?

இவ்வினாவுக்கு விடை காண ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அது 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்னும் படமாகும். ‘உயிருள்ள பிணங்களின் இரவு’ என இதனைத் தமிழில் கூறலாம். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இப்படத்தை வெவ்வேறு மக்கள் வெவ்வேறு வகையில் ஏற்றனர். அந்த வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

வேதியியல் ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்ரோசயனைடு கரைசலைப் பெர்ரிக் உப்பில் சேர்த்தால் ஆழ்ந்த நீல வீழ்படிவு கிடைக்கிறது. அதே கரைசலைத் தாமிர உப்பில் சேர்த்தால் செம்பழுப்பு வீழ்படிவு கிடைக்கிறது. சேர்த்த கரைசல் ஒன்றுதான். நிறம் வேறாவதற்குக் காரணம் குழாயில் முன்பே இருந்த உப்பு. இப்படத்தின் வரலாறும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது.

படம் பிறந்த கதை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் எஃகு ஆலைகளுக்குப் பெயர் பெற்றது; திரைப்படத் தொழிலுக்கு அன்று. அந்நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துவந்த சில இளைஞர்கள் தாமே ஒரு முழுநீளப் படம் எடுக்கத் துணிந்தனர். அவர்களுள் இயக்குநராக அமைந்தவர் ஜார்ஜ் ரொமேரோ. படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 28. நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு வேலையைத் தொடங்கினர். முடிவில் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர் ஆயிற்று. பெரிய நிறுவனங்களின் கணக்கில் இது மிகச் சிறு தொகை.

பணமின்மை படத்தின் ஒவ்வோர் அங்கத்திலும் தெரிகிறது. வண்ணச் சுருளுக்கு வழியில்லாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்தனர். இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டைக் களமாகக் கொண்டனர். இரத்தத்திற்குச் சாக்லேட் பாகு பயன்பட்டது. பிணங்களாக நடித்தவர்களில் பலர் நண்பர்களும் அக்கம்பக்கத்தாருமே.

கதையும் எளியது. இறந்தவர்கள் எழுந்து உயிருள்ளோரைத் தின்னத் தொடங்குகின்றனர். ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் அடைக்கலம் புகுகின்றனர். பென் என்பவன் மாடியறைகளிலோ கூடத்திலோ நின்று தப்பும் வழி பார்க்க வேண்டுமென்கிறான். கூப்பர் என்பவன் நிலவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்ள வேண்டுமென்கிறான். வெளியே பிணங்கள் சூழ்ந்து நிற்க, உள்ளே வழக்காடுகின்றனர். இளங்காதலர் இருவர் வண்டி தீப்பற்றி மாள்கின்றனர். கடிபட்ட சிறுமி இறந்து எழுந்து பெற்ற தாயையே கொல்கிறாள். இறுதியில் பென் ஒருவனே எஞ்சுகிறான். அதுவும் தான் மறுத்த நிலவறைக்குள் புகுந்தே பிழைக்கிறான். விடிகிறது. பிணங்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டு வரும் துப்பாக்கிக் கூட்டம், சன்னலருகே வந்த அவனையும் பிணமென்று கருதிச் சுட்டுவிடுகிறது. அவன் உடல் கொக்கியால் இழுக்கப்பட்டு நெருப்பில் இடப்படுகிறது. படம் முடிகிறது.

அறிவியல் அச்சம்

பிணங்கள் எழுந்ததற்குப் படம் ஒரு காரணம் கூறுகிறது. வெள்ளிக் கோளுக்குச் சென்று திரும்பிய விண்கலம் ஒன்று கொணர்ந்த கதிர்வீச்சாக இருக்கலாம் என்பதே அது. கதிர்வீச்சு உயிரணுக்களை அழிக்கும்; மரபுப் பொருளில் மாற்றம் விளைக்கும். நின்றுபோன இதயத்தை அது இயக்காது. அழுகத் தொடங்கிய மூளையை விழிக்கச் செய்யாது. ஆகவே அறிவியல் மாணவர் இக்காரணத்தை ஒரு நொடியில் தள்ளிவிடலாம்.

ஆனால் அன்றைய பார்வையாளரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1967 அக்டோபரில்தான் சோவியத் நாட்டின் வெனரா 4 வெள்ளியின் வளிமண்டலத்தில் இறங்கிச் செய்தி அனுப்பியது. 1969 சூலையில் நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவரும், அங்கிருந்து நோய்க்கிருமி ஏதேனும் வந்திருக்குமோ என்ற ஐயத்தால் மூன்று வாரம் தனித்து வைக்கப்பட்டனர். விண்ணிலிருந்து தீங்கு வரலாம் என்ற எண்ணம் பாமரரிடம் மட்டுமன்று, அறிஞரிடமும் இருந்தது.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. படத்தில் வரும் தொலைக்காட்சியில், அறிவியலாரும் படைத்தலைவர்களும் செய்தியாளர் முன்னிலையில் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுகின்றனர். முதலில் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவிப்பு வருகிறது. பின்னர் பாதுகாப்பு நிலையங்களுக்குச் செல்லுங்கள் என்று மாறுகிறது. காரணம் கடைசிவரை உறுதியாவதில்லை. தவறான விளக்கத்தைவிட, விளக்கம் கூற வேண்டியவர்களே குழம்பி நிற்பது மக்களை மிகுதியாக அச்சுறுத்துகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிப் பருவத்தைக் கழித்த நம் தலைமுறைக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சிறுவர்களின் அழுகை

படம் 1968 அக்டோபர் 1ஆம் நாள் பிட்ஸ்பர்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. எந்த வயதினர் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என வகைப்படுத்தும் முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள். இடையில் இருந்தது ஒரு மாதமே. ஆகவே வகைக்குறி எதுவுமின்றிப் படம் அரங்குகளுக்குச் சென்றது. பேய்ப் படம் என்றால் சனிக்கிழமைப் பகற்காட்சிக்குச் சிறுவர்கள் கூட்டமாய் வருவது அக்காலத்து வழக்கம். பெற்றோர் அவர்களை வாயிலில் விட்டுச் செல்வர்.

அவ்வாறான ஒரு காட்சிக்குச் சென்ற ரோஜர் ஈபர்ட் என்னும் இளம் திறனாய்வாளர், 1969 சனவரியில் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ நாளிதழில் தாம் கண்டதை எழுதினார். தொடக்கத்தில் சிறுவர்கள் வழக்கம்போல் மகிழ்ச்சியோடு கூச்சலிட்டனர். படத்தின் பிற்பகுதியில் கூச்சல் அடங்கிற்று. ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி அசையாமல் அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள். கடைசி நொடியில் தலைவன் வந்து காப்பாற்றும் பேய்ப் படங்களை மட்டுமே அக்குழந்தைகள் அறிந்திருந்தனர். இப்படத்திலோ காப்பாற்ற எவரும் வரவில்லை.

பேய்கள் அச்சிறுமிக்குப் புதியவையல்ல. அவள் அறிந்த கதையிலக்கணம் உடைந்ததுதான் புதியது. நல்லவர் பிழைப்பர், காதலர் சேர்வர், குழந்தைக்கு ஆபத்தில்லை, தாய் காப்பாள் என்னும் நான்கு உறுதிமொழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அவற்றுக்கு மாற்றாகப் பற்றிக்கொள்ள அவளிடம் வேறொன்றும் இல்லை.

ஈபர்ட்டின் கட்டுரையை ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழ் எடுத்து மறுபதிப்புச் செய்ததால் அது பலரைச் சென்றடைந்தது. ‘வெரைட்டி’ என்னும் திரைத்தொழில் ஏடு படத்தை முன்பே கடுமையாகத் தாக்கியிருந்தது. ஆனால் ஈபர்ட் படத்தைத் தடைசெய்யச் சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர் கேள்வி கேட்டது குழந்தைகளை உள்ளே விட்ட அரங்கினரையும், வாயிலில் இறக்கிவிட்டுப் போன பெற்றோரையுமே.

வளர்ந்தோரின் அமைதி

அதே முடிவு வளர்ந்தவர்களுக்கு வேறொரு பொருளைத் தந்தது. பென் ஆக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். வீட்டிலிருந்த ஏனையோர் அனைவரும் வெள்ளையர்; அவனைச் சுட்ட கூட்டமும் வெள்ளையர் கூட்டமே. கதையில் எவரும் அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. நடிக்க வந்தவர்களுள் சிறந்தவர் என்பதாலேயே அவரைத் தேர்ந்ததாக ரொமேரோ பிற்காலத்தில் கூறினார்.

ஆயினும் காலம் படத்திற்குப் பொருள் சேர்த்தது. 1963இல் பர்மிங்காம் நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற கறுப்பின மக்கள் மீது காவலர் நாய்களை ஏவியதைச் செய்திப் படங்களில் நாடே கண்டிருந்தது. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். முடிந்த படத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு நியூயார்க்கை நோக்கிச் செல்லும் வழியில் வானொலியில் அச்செய்தியைக் கேட்டதாக ரொமேரோ கூறியுள்ளார். நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வயல்வெளியில் வரும் கூட்டத்தைத் திரையில் கண்டபோது, அந்த ஆண்டு அரங்கில் அமர்ந்திருந்த ஒருவருக்கு அது கட்டுக்கதையாகத் தோன்றியிருக்க முடியாது.

படத்தின் வறுமையே இங்குத் துணை செய்தது. கறுப்பு வெள்ளை நிறமும், கையில் பிடித்த ஒளிப்பதிவின் ஆட்டமும், முடிவில் வரும் புள்ளி புள்ளியான நிழற்படங்களும் செய்திச் சுருளையே நினைவூட்டின. வியட்நாம் போர்க் காட்சிகளை அன்றாடம் தொலைக்காட்சியில் கண்டவர்களுக்கு அத்தோற்றம் பழகியதே. செலவு மிகுந்த வண்ணப் படமாக இருந்திருப்பின் ‘இது நடிப்பு’ என்று மனம் எளிதில் ஆறியிருக்கும்.

பிறகு நிகழ்ந்ததும் வியப்பானது. முடிவை மகிழ்ச்சியாக மாற்றினால் வாங்கிக்கொள்கிறோம் என்று வந்த யோசனையைப் படத்தினர் ஏற்காததால்தான் அம்முடிவு நிலைத்தது. 1970இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இப்படத்தைத் திரையிட்டது. நள்ளிரவுக் காட்சிகளில் இளைஞர்கள் மீண்டும் மீண்டும் பார்த்தனர். 1999இல் பாதுகாக்கத்தக்க தேசியப் படங்களின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதனைச் சேர்த்தது. கடைசி நேரத்தில் பெயரை மாற்றியபோது உரிமைக் குறிப்பு விடுபட்டதால், அந்நாட்டின் அன்றைய சட்டப்படி படம் பொதுவுடைமையாயிற்று. எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பணம் சேரவில்லை. ஆனால் யாரும் திரையிடலாம் என்பதால் படம் எங்கும் பரவியது.

தொல்காப்பியர் காட்டும் நான்கு நிலைக்களன்

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைக் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இவற்றுள் முதல் மூன்றும் எளிதில் விளங்குவன. நான்காவதாகிய இறை, தம்மைக் காக்க வேண்டிய தலைவன். காப்பவனிடம் அச்சம் ஏன்?

இப்படம் அதற்கு விடை தருகிறது. இறந்தும் நடமாடுவதால் அப்பிணங்கள் அணங்கு. ஊன் தின்பதால் விலங்கு. கதவை உடைத்து நுழைவதால் கள்வர். இம்மூன்றையும் கடந்து பிழைத்த ஒருவனை வீழ்த்துவது, காக்க வந்த அதிகாரம். சிறுமி அழுதது முதல் மூன்று அச்சங்களும் எல்லை மீறியதால். வளர்ந்தவர் மௌனமானது நான்காவது அச்சத்தால்.

அண்மையில் விடுதியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மடிக்கணினியில் இப்படத்தைப் பார்த்தோம். பிணங்களின் நடையைக் கண்டு முதல் அரைமணி நேரம் சிரிப்பு ஓயவில்லை. சாக்லேட் பாகு என்று தெரிந்த பின் இரத்தம் எவரையும் அச்சுறுத்தவில்லை. ஆனால் இறுதித் துப்பாக்கி ஓசைக்குப் பின் அறையில் பேச்சில்லை. சற்றுக் கழித்து ஒரு நண்பன், “கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றான். முதல் மூன்று அச்சங்களும் அரை நூற்றாண்டில் தேய்ந்துவிட்டன. நான்காவது தேயவில்லை என்பதை அவ்வொரு சொல் உணர்த்திற்று.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், ஒரு படம் நல்லதா தீயதா என்று மட்டும் கேட்பது அரைகுறையான வினா என்பது புலனாகும். யார், எப்பொழுது, எதை எதிர்பார்த்து வந்து பார்த்தனர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1969இல் அழுத சிறுமிக்கு அப்படம் தீங்கு. அதே ஆண்டில் அதனைப் பார்த்து நாட்டின் நிலையை எண்ணிய இளைஞனுக்கு அதுவே அறிவு. இருவருக்கும் நீதி செய்யும் வழி தடையன்று. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாயிலிலேயே உண்மையாக அறிவிப்பதுதான்.

ஆய்வகத்தில் புட்டியின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் எந்த அமிலத்தையும் நாம் வைப்பதில்லை. அமிலம் கெட்டது என்பதாலன்று. எடுப்பவர் கை எவருடையது என்று நமக்குத் தெரியாது என்பதால். திரைப்படத்திற்கும் இது பொருந்தும். இன்று நம் கைப்பேசியில் பெயர்ச்சீட்டின்றி வந்து விழும் காட்சிகளுக்கோ இது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். ஒரு காட்சியை அடுத்தவருக்கு அனுப்புமுன், அதனைத் திறக்கப்போகும் கை யாருடையது என்று ஒரு கணம் எண்ணுதல் நம் கடமையாகும்.